மடக்குக் கத்தியின் பூட்டு: கண்ணுக்கா, கைக்கா?

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவில் ஒயர் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு மடக்குக் கத்தி கொடுத்தார்கள். டிஎல்-29 என்று பெயர். அதில் இருந்தவை இரண்டே உருப்படிகள். வெட்ட ஒரு பிளேடு, திருக ஒரு ஸ்க்ரூ டிரைவர். பூட்டு இருந்தது ஸ்க்ரூ டிரைவருக்குத்தான். வெட்டும் பிளேடைக் கைப்பிடியின் முதுகில் உள்ள ஸ்பிரிங் மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தது.

கேட்டவுடன் தலைகீழாகத் தோன்றும். கூராக இருப்பது பிளேடு, அதற்கல்லவா பூட்டு வேண்டும்? ஆனால் கையில் கத்தியை வைத்து ஒரு மாங்காயை நறுக்கிப் பாருங்கள். கூர்ப்பக்கம் மாங்காயை அழுத்துகிறது. மாங்காய் திருப்பித் தரும் அழுத்தம் பிளேடை இன்னும் திறக்கும் பக்கமாகத்தான் தள்ளுகிறது. அந்தப் பக்கம் பிளேடு ஏற்கெனவே முட்டி நிற்கிறது, அதற்கு மேல் போக இடமில்லை. ஆக, சாதாரணமாக நறுக்கும்போது பூட்டுக்கு வேலையே இல்லை. ஸ்க்ரூ டிரைவர் அப்படியல்ல. முனையை அழுத்தித் திருகுகிறோம், கை சாய்கிறது, முனை வழுக்குகிறது. எந்த நொடியிலும் அது மடங்கி விரலைக் கடிக்கலாம். அந்தக் கத்தியை வடிவமைத்தவர்களுக்கு விசை எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்திருந்தது. பித்தளைத் தகட்டில் ஒரு கீற்று வெட்டி, அதையே வளைத்துப் பூட்டாக்கி, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் வைத்தார்கள்.

பிளேடுக்குப் பூட்டு தேவைப்படும் தருணங்களும் உண்டு. தோலிலோ பிளாஸ்டிக்கிலோ முனையால் துளை போடும்போது, மரத்தில் சிக்கிய பிளேடை ஆட்டி ஆட்டி உருவும்போது, கை நழுவிக் கத்தியின் முதுகு எதிலாவது இடிக்கும்போது. அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். பிளேடின் நுனி அது மடங்கும் அச்சிலிருந்து 80 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது, பூட்டு பிளேடைத் தொடும் இடம் அச்சிலிருந்து 8 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நுனியின் முதுகில் 5 கிலோ அழுத்தம் விழுந்தால், பூட்டின் அந்தச் சின்ன முகத்தில் 50 கிலோ இறங்கும். பாதி அரிசி அளவு கூட இல்லாத ஒரு உலோகப் பரப்பு அதைத் தாங்க வேண்டும்.

இந்தக் கணக்கு மனதில் உட்கார்ந்த பிறகு மடக்குக் கத்தியின் பூட்டுகளைப் பார்க்கும் பார்வையே எனக்கு மாறிவிட்டது. வடிவம், நிறம், திறக்கும்போது வரும் சத்தம் எல்லாமே எனக்குப் பிடிக்கும். கத்தி பிடித்தவர்களில் அழகு பிடிக்காதவர் யாரும் கிடையாது. ஆனால் முதல் கேள்வி ஒன்றுதான்: பிளேடு விரலை நோக்கி வர நினைத்தால், நடுவில் நிற்பது எது? அந்தப் பதிலிலிருந்து முளைத்த அழகாக இருந்தால் முழு மார்க் போடுவேன். அந்தப் பதிலைச் சுரண்டித் தின்று வந்த அழகு என்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அதை அழகு என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

அலங்காரமே கூடாது என்று சொல்லவில்லை. பிரான்ஸின் லாகியோல் கத்தி இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் தெற்கு பிரான்ஸின் அவெரோன் பகுதியில் விவசாயிகளும் மாடு மேய்ப்பவர்களும் பையில் வைத்திருந்த கத்தி. இன்று அதில் பெரும்பங்கு தியேர் என்ற ஊரில் தயாராகிறது. முதுகு ஸ்பிரிங்கின் நுனியில், பிளேடு மடங்கும் மூட்டுக்கு மேலேயே, ஒரு தேனீ உட்கார்ந்திருக்கும். பூட்டைத் திறக்க அழுத்தும் விசை இருக்க வேண்டிய இடம் அது. அதனால் முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள் தேனீயை அழுத்திப் பார்ப்பார்கள். ஒன்றும் நடக்காது. லாகியோலுக்கு முழுப் பூட்டே கிடையாது. ஸ்பிரிங்கில் ஒரு சின்னப் புடைப்பு பிளேடின் அடியில், அதாவது கைப்பிடிக்குள் இருக்கும் முனையில், உள்ள பள்ளத்தில் உட்கார்ந்து, மடங்குவதற்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அவ்வளவுதான். நல்ல கைவினைஞர்கள் தேனீயையும் ஸ்பிரிங்கையும் ஒரே எஃகில் அடித்து எடுப்பார்கள். பிறகு ஸ்பிரிங்கின் முதுகில் அரத்தால் கொடி, இலை என்று கையாலேயே செதுக்குவார்கள். மலிவானவற்றில் தேனீயைத் தனியாகச் செய்து பற்றவைத்திருப்பார்கள். ரொட்டியும் சீஸும் நறுக்குகிற சாப்பாட்டுக் கத்திக்குப் பூட்டு தேவையில்லை. தேனீ எதையும் பூட்டவில்லை, ஆனால் எதையும் கெடுக்கவும் இல்லை. ஸ்பிரிங் தன் வேலையைத் தன் பாட்டுக்குச் செய்கிறது. அந்த அலங்காரத்தில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

அதே பிரான்ஸில், ஆல்ப்ஸ் மலைப்பக்கம் சவோய் பகுதியில் பிறந்த இன்னொரு கத்தி ஒப்பினெல். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஜோசப் ஒப்பினெல் 1890-ல் செய்த வடிவம். உருண்டையான பீச் மரக் கைப்பிடி, அதன் தலையில் ஒரு எஃகு வளையம், குறுக்கே ஒரு ரிவெட், ஒரு பிளேடு. ஆரம்பத்தில் பூட்டு கிடையாது. 1955-ல் மார்செல் ஒப்பினெல் அந்த எஃகு வளையத்துக்கு மேலேயே சுழலும் இன்னொரு வளையத்தைச் சேர்த்தார். விரோப்ளாக் என்று பெயர். பிளேடைத் திறந்துவிட்டு வளையத்தை விரலால் ஒரு திருப்பு திருப்பினால் போதும், பிளேடு மடங்கிப் போக வேண்டிய பிளவை வளையம் அடைத்துக்கொள்ளும். இன்றும் 6-ஆம் எண்ணிலிருந்து மேலே உள்ள எல்லா அளவுகளிலும் இதே வளையம்தான். பிற்பாடு ஒரு சின்னத் திருத்தம் மட்டும் செய்தார்கள். பிளேடு மடங்கியிருக்கும்போதும் பூட்ட முடிகிற மாதிரி ஆனது. 1985-ல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் உலகின் சிறந்த வடிவமைப்புள்ள 100 பொருட்களில் ஒன்றாக இதைச் சேர்த்தது.

அந்த வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கிட்டப் பார்த்தால் ஒன்று தெரியும். அதன் விளிம்பு லேசாகச் சரிவாக இருக்கும். அதனால் திருப்பத் திருப்ப இறுகும். பல வருஷம் பயன்படுத்தி வளையமும் பிளேடும் கொஞ்சம் தேய்ந்தாலும், இன்னும் ஒரு மயிரிழை கூடுதலாகத் திருப்பினால் ஆட்டம் நின்றுவிடும். விசை எங்கே போகிறது என்பதும் கண்ணெதிரே தெரிகிறது. பிளேடு மடங்க முயன்றால் வளையத்தின் கெட்டியான சுவரில் முட்டும். நம்பியிருக்க வேண்டிய ஸ்பிரிங் எதுவும் உள்ளே இல்லை. பிளவு பிளேடுக்கு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, விலகியிருந்தால் பூட்டியிருக்கிறது. அரையிருட்டில் கட்டை விரலால் தடவியே சொல்லிவிடலாம். 8-ஆம் எண் கத்தி, 8.5 சென்டிமீட்டர் பிளேடு, கையில் எடை இருப்பதே தெரியாது. அதன் அழகில் ஒரு துளி கூட அலங்காரத்துக்காகச் சேர்த்ததல்ல. தலையில் மின்னுகிற அந்த வளையம்தான் கத்தியின் முகம், பூட்டும் அதுவேதான்.

குறைகளும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வளையத்தை நாமாகத் திருப்ப வேண்டும். மறந்தால் பூட்டே இல்லாத கத்திதான். ஒரு கையால் திறந்து பூட்டுவது நடக்காது. அப்புறம் மரம். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பீச் மரக் கைப்பிடி ஈரம் குடித்து ஊதிப் பிளேடை இறுக்கிக்கொள்ளும். நகத்தை வைத்து இழுத்தால் நகம்தான் போகும். இதற்குச் சவோய்க்காரர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பூட்டைத் திறந்துவிட்டு, கைப்பிடியின் அடிமுனையை மேசை விளிம்பில் டொக்கென்று ஒரு தட்டு தட்டினால் பிளேடு சற்றே வெளியே எட்டிப் பார்க்கும், பிறகு பிடித்து இழுத்துக்கொள்ளலாம். மூட்டில் எண்ணெய் இறக்கி நன்றாக ஊறவைத்தால் தொல்லை குறையும். மழை விட்ட பிறகு கத்தி தானாகச் சரியாகிவிடும். இவை எல்லாமே மரத்தின் குணம், பூட்டின் மேல் பழி போட முடியாது.

அடுத்தது அமெரிக்கா. பக் நிறுவனம் 1964-ல் கொண்டுவந்த 110 என்ற கத்தியைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். இரண்டு முனையிலும் பித்தளை, நடுவே கருங்காலி மரத் துண்டு, நுனி சற்றே மேல்நோக்கி வளைந்த பிளேடு. வேட்டைக்காரர்களுக்காகச் செய்தது. எடை சுமார் 200 கிராம், சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் இழுக்கும், அதனால் இடுப்பு பெல்ட்டில் தோலுறையில்தான் வைத்துக்கொள்வார்கள். இதன் பூட்டு முதுகில் இருக்கிறது. கைப்பிடியின் முதுகு நெடுக ஒரு எஃகுக் கட்டை, நடுவில் ஒரு பின்னில் சீசா பலகை மாதிரி ஆடும். முன்முனையில் உள்ள கொக்கி பிளேடின் அடியில் வெட்டிய பள்ளத்தில் டக்கென்று விழும். பின்முனையைக் கட்டை விரலால் அழுத்தினால் கொக்கி மேலே எழும்பிப் பிளேடை விடும்.

110-ன் அழகைப் பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள், பித்தளையும் கருங்காலியும் சேர்ந்தால் அழகு வராமல் எங்கே போகும்? ஆனால் எனக்கு அதில் பிடித்தது வேறு. அந்தப் பித்தளைக் கட்டிகள் அச்சைத் தாங்கிப் பிடிக்கிற பாகங்கள். விசையை அழுத்தும் இடத்தைக் கைப்பிடியின் கடைசியில் வைத்திருக்கிறார்கள், கத்தியை இறுக்கிப் பிடிக்கும்போது விரலோ உள்ளங்கையோ தெரியாமல் அதன் மேல் பட வாய்ப்பு குறைவு. பார்க்க நீளமாகவும் கம்பீரமாகவும் தெரிகிற அந்த முதுகுக் கோடு, உண்மையில் பூட்டுக் கட்டையின் நீளம். பின்னால் வந்த எத்தனையோ கத்திகள் 110 மாதிரித் தெரிய வேண்டும் என்று பித்தளை நிறத்தில் மெல்லிய தகட்டை ஒட்டிக்கொண்டு வந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி. பிளேடைத் திறந்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் டக் டக் என்று ஆடும்.

முதுகுப் பூட்டுக்கு ஒரு எதிரி உண்டு, பையில் சேரும் பஞ்சும் தூசியும். பிளேடின் அடியில் உள்ள பள்ளத்தில் இது சேர்ந்து இறுகினால் கொக்கி முழு ஆழத்துக்கு இறங்காது. பிளேடு முழுக்கத் திறந்த மாதிரியே இருக்கும், பூட்டும் விழுந்த மாதிரியே சத்தம் வரும். முதுகை விரலால் தடவிப் பார்த்தால்தான் பூட்டுக் கட்டை கைப்பிடியின் மட்டத்துக்கு மேல் ஒரு நூல் உயர்ந்து நிற்பது தெரியும். நல்ல தயாரிப்பில் திறந்த நிலையில் அந்தக் கோடு ஒரே சமமாக ஓடும், நகத்தை வைத்து உரசினால் தடுக்காது. முதுகு சமமாக இருந்தால் பார்க்கவும் அழகு, பூட்டு உட்கார்ந்ததற்கு அத்தாட்சியும் அதுவே. பல்குத்தும் குச்சி ஒன்றால் பள்ளத்தைச் சுத்தம் செய்ய அரை நிமிஷம் போதும்.

ஸ்பைடர்கோ நிறுவனம் செய்யும் முதுகுப் பூட்டுக் கத்திகளின் விசை இருக்கும் இடத்தில் ஒரு சின்ன வளைந்த குழிவு பார்க்கலாம். டேவிட் பாய் என்ற கத்திக் கலைஞர் யோசித்தது. கத்தியை இறுக்கிப் பிடிக்கும்போது உள்ளங்கைச் சதை அழுத்தி விசை திறந்துகொள்ளும் ஆபத்து உண்டு. அந்த இடத்தில் மட்டும் கட்டையைக் கொஞ்சம் குழிவாக்கிவிட்டால் சதை படாது, வேண்டுமென்று அழுத்தும் கட்டை விரல் நுனி மட்டுமே இறங்கும். யாராவது சொல்லும்வரை அதை எல்லோரும் அலங்கார வளைவு என்றுதான் நினைக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் முதல் மடக்குக் கத்தி 1981-ல் வந்தது. பிளேடில் ஒரு பெரிய வட்ட ஓட்டை, கட்டை விரலால் ஒரு கையிலேயே திறப்பதற்கு. அந்த ஓட்டைக்கு இடம் வேண்டும் என்பதற்காகப் பிளேடின் முதுகு கூன் விழுந்த மாதிரி இருக்கும். அசிங்கம் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கூன் மேல் தனிப் பிரியம். கையுறை போட்ட விரல், ஈர விரல், எதுவானாலும் அந்த ஓட்டை பிடி கொடுக்கும்.

சரி, இன்று விலையுயர்ந்த கத்திகளில் ராஜநடை போடும் ஃபிரேம் லாக்குக்கு வருவோம். என் ஆதங்கம் முழுக்க இங்கேதான்.

டிஎல்-29-ல் பார்த்த வளைந்த தகட்டுப் பூட்டை 1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர் மெருகேற்றி, இன்று லைனர் லாக் என்று நாம் சொல்லும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். கைப்பிடியின் உள்தகட்டில் ஒரு கீற்று உள்பக்கமாக வளைந்திருக்கும், பிளேடு திறந்ததும் அது நகர்ந்து வந்து பிளேடின் அடியில் முட்டுக்கொடுக்கும். தென்னாப்பிரிக்காவில் பிறந்து 1989-ல் அமெரிக்காவின் ஐடஹோவுக்குக் குடிபெயர்ந்த கிறிஸ் ரீவ் இதை இன்னொரு படி மேலே கொண்டுபோனார். உள்தகடு எதற்கு, கைப்பிடியே டைட்டானியம்தானே, அதிலேயே கீற்றை வெட்டிவிடலாம் என்றார். அதுதான் ஃபிரேம் லாக். அவருடைய செபென்ஸா கத்தி 1990-களின் தொடக்கத்திலிருந்து இந்த வகைக்கே இலக்கணமாக இருக்கிறது. இதில் ஒரு நேர்த்தி உண்டு. கத்தியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோமோ, விரல்கள் அந்தக் கீற்றை அவ்வளவு உள்ளே அழுத்துகின்றன. பிடியே பூட்டுக்குப் பலம் சேர்க்கிறது. ஆரம்பகாலச் செபென்ஸாவைப் பார்த்தால் வெறும் சாம்பல் நிற டைட்டானியப் பலகை, மணல் அடித்த மாதிரி மேற்பரப்பு, இரண்டு மூன்று ஸ்க்ரூ, வெளியே தெரியும் ஒரு நேர்கோட்டு வெட்டு. அந்தக் கோடுதான் பூட்டு. அதை மறைக்க அவர் முயலவே இல்லை.

இந்தப் பூட்டின் உயிர் இருப்பது ஒரே இடத்தில்தான், கீற்றின் நுனி பிளேடின் அடியைத் தொடும் முகத்தில். பிளேடின் அடி அங்கே சில பாகை சரிவாக இருக்கும். சரிவு அதிகமானால் அழுத்தம் விழும்போது கீற்று வழுக்கி வெளியே வந்துவிடும். குறைந்தால் இறுகி ஒட்டிக்கொள்ளும், திறக்கக் கட்டை விரல் வலிக்கும். அதுபோக டைட்டானியத்துக்கு எஃகின் மேல் உரசினால் ஒட்டிக்கொள்கிற குணமும் உண்டு. அதனால் கீற்றின் நுனியைச் சூடு காட்டிக் கடினமாக்குகிறார்கள், சிலர் நுனியில் தனியாக ஒரு எஃகுத் துண்டை ஸ்க்ரூ போட்டு மாட்டுகிறார்கள். கிறிஸ் ரீவ் நிறுவனமே பிந்தைய மாடல்களில் ஒரு பீங்கான் குண்டை வைத்துவிட்டது. தீயணைப்பு வீரராகவும் இருந்த ரிக் ஹின்டரர் என்ற கத்திக் கலைஞர் இன்னொரு நோயைக் கவனித்தார். பூட்டைத் திறக்கும் அவசரத்தில் கட்டை விரல் கீற்றை வெளிப்பக்கமாக அதிகம் தள்ளினால் அது நிரந்தரமாக வளைந்துபோகும். அதைத் தடுக்க ஒரு வட்டத் தட்டை ஸ்க்ரூ போட்டு நிறுத்தினார். கைப்பிடியின் பக்கவாட்டில் பொத்தான் மாதிரித் தெரியும் அந்தத் தட்டு ஒரு காவலாள்.

இவை எல்லாம் மூன்று நான்கு மில்லிமீட்டர் இடத்துக்குள் நடக்கிற பொறியியல். ஆனால் ஃபிரேம் லாக் கத்தியை இன்று இணையத்தில் விற்கும்போது காட்டுவது எதை? டைட்டானியத்தில் மின்சாரம் பாய்ச்சி ஏற்றிய ஊதா, நீல நிறங்கள். கைப்பிடி முழுக்கத் தேன்கூடு, மீன் செதில், எரிமலைக் குழம்பு. நிறத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, அது மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலம், பூட்டின் பலத்தைத் தொடுவதில்லை. செதுக்கல் அப்படியல்ல. பூட்டுக் கீற்றின் மேலேயே ஆழமாகச் செதுக்கும்போது எடுத்துப் போடுவது பூட்டின் உடம்பை.

எனக்கு அப்படி ஒரு கத்தி வாய்த்தது. தயாரித்தவர் பெயர் இங்கே வேண்டாம். கைப்பிடியின் இரண்டு பக்கமும் தேன்கூட்டு வடிவம், பூட்டுக் கீற்றையும் விட்டுவைக்கவில்லை. மேசையில் வைத்தால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் எடுத்துப் பார்ப்பார்கள். ஒருநாள் தடித்த தேங்காய்நார்க் கயிற்றில் இறுகிய முடிச்சைப் பிரிக்க முனையை உள்ளே விட்டு நெம்பினேன். கைப்பிடிக்குள் ஏதோ அசைவதை உள்ளங்கை உணர்ந்தது. பிளேடு மடங்கவில்லை. ஆனால் நெம்பும்போது கீற்று ஒரு இம்மி வில்லாக வளைந்து திரும்புகிறது.

டார்ச்சும் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கீற்று பிளேடைத் தொடும் முகம் முழுக்கத் தொட்டிருந்தால் அங்கே ஒரு பட்டையாகத் தேய்மானம் இருக்க வேண்டும். இருந்ததோ அடிமூலையில் ஒரு பளபளக்கும் புள்ளி மட்டும், ஊசித்தலை அளவு. மீதி முகத்தில் தொழிற்சாலையில் வெட்டிய கோடுகள் அப்படியே புத்தம் புதிதாக இருந்தன. முன்னால் போட்ட கணக்கில் வந்த 50 கிலோவும் அந்த ஒரு புள்ளியில்தான் இறங்கும். கீற்றின் பின்பக்கம், அது வளைவதற்காக மெலிதாக்கிய இடத்தில், தேன்கூட்டின் இரண்டு அறைகள் சரியாக வந்து விழுந்திருந்தன. அதாவது ஏற்கெனவே மெலிந்த இடத்தை இன்னும் மெலிய வைத்திருக்கிறார்கள், வெளியே வடிவம் தொடர்ச்சியாக வர வேண்டும் என்பதற்காக. ஒரே ஒரு சென்டிமீட்டர் தேன்கூட்டை நிறுத்தியிருந்தால் போதும். வரைந்தவர் கைப்பிடியை ஒரு படமாகப் பார்த்திருக்கிறார், அதில் பாதி ஸ்பிரிங் என்பது அவர் கண்ணில் படவில்லை. அந்தக் கத்தி இப்போது கூரியர் அட்டைப்பெட்டிகளின் டேப் கிழிக்க மட்டும்.

நண்பர் வட்டத்தில் ஒரு தம்பி, கத்தி வாங்கும் ஆசை புதிதாக வந்தவர், போனில் ஒரு வீடியோ காட்டினார். “அண்ணே, இந்த ஆக்‌ஷன் பாருங்க, விட்டா அப்படியே விழுது!” என்றார். பூட்டை விடுவித்ததும் பிளேடு தன் எடையிலேயே சரசரவென்று கீழே இறங்கி மூடிக்கொண்டது. பார்க்க அருமையாகத்தான் இருந்தது. “லாக்கோட முகத்தை எங்கயாவது காட்டுறாங்களா தம்பி?” என்று கேட்டேன். வீடியோவை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். எட்டு நிமிஷ வீடியோவில் ஒரு இடத்திலும் இல்லை.

கத்தியின் சத்தத்தில் மயங்குவது புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்பெயினின் நவாஹா கத்தியில், அதிலும் அல்பசெட்டே நகரம் பெயர் வாங்கிய வகையில், பிளேடின் அடியில் பல் பல்லாக வெட்டியிருப்பார்கள். திறக்கும்போது ஒவ்வொரு பல்லாக ஸ்பிரிங்கில் விழுந்து கடகடவென்று சத்தம் எழும். கேட்பவர் நெஞ்சில் கிலி ஏற்படுத்துகிற சத்தம். ஆனால் அந்தப் பற்களுக்கு ஒரு வேலையும் இருந்தது, பாதி திறந்த நிலையிலும் பிளேடைப் பிடித்து நிறுத்தும். இன்று ஃபிரேம் லாக்கில் வரும் கணீர் சத்தம் அப்படிப்பட்ட எந்த உறுதியையும் தருவதில்லை. பிளேடை அதற்கு மேல் திறக்காமல் நிறுத்துகிற தடுப்புப் பின்னில் பிளேடு மோதுகிற சத்தம் அது. பூட்டு முழுக்க விழுந்ததா என்று அந்தச் சத்தத்தால் சொல்ல முடியாது.

இன்னொரு வகையும் இன்று எங்கும் இருக்கிறது. பெஞ்ச்மேட் நிறுவனம் 1998-ல் 710 என்ற மாடலில் கொண்டுவந்த ஆக்ஸிஸ் லாக். பில் மெக்ஹென்றி, ஜேசன் வில்லியம்ஸ் இருவரின் கண்டுபிடிப்பு. கைப்பிடிக்குக் குறுக்கே ஒரு எஃகு உருளை, இரண்டு பக்கமும் மெல்லிய கம்பி ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். பிளேடு திறந்ததும் உருளை முன்னால் நகர்ந்து பிளேடின் அடியில் உள்ள சரிவின் மேல் ஏறும், பிளேடின் அடி உருளைக்கும் தடுப்புப் பின்னுக்கும் நடுவே ஆப்பு மாதிரி இறுகிக்கொள்ளும். அந்த ஸ்பிரிங் தலைமுடி மாதிரி இருக்கிறதே, உடைந்தால் என்ன ஆகும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஸ்பிரிங் உடைவதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் பளுவைத் தாங்குவது உருளை. ஸ்பிரிங்கின் வேலை அதை இடத்தில் நிறுத்துவது மட்டும், ஒன்று போனாலும் மற்றது தள்ளும். என் தங்கைக்கு இடக்கைப் பழக்கம். லைனர் லாக்கும் ஃபிரேம் லாக்கும் பெரும்பாலும் வலக்கைக் கட்டை விரலுக்கென்றே வெட்டப்பட்டவை, அவளுக்கு ஒவ்வொரு முறையும் விரல்களை முறுக்கித் திறக்க வேண்டியிருக்கும். ஆக்ஸிஸ் லாக்கை முதன்முறை கையில் கொடுத்தபோது எதுவும் சொல்லித்தராமலே திறந்து மூடினாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற அந்தச் சமச்சீர் வடிவத்துக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

பிரிட்டனில் சட்டமே பூட்டை வைத்துத்தான் கத்தியைப் பிரிக்கிறது. 1988-ஆம் வருடச் சட்டப்படி, கூர்ப்பகுதி 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமல் வெளியே எடுத்துப் போகலாம். பூட்டு உள்ள கத்திக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று 1990-களின் தொடக்கத்தில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே அங்கே வெளியே எடுத்துப்போக விரும்புபவர்களுக்காகப் பூட்டில்லாத, ஆனால் கெட்டியான முதுகு ஸ்பிரிங் உள்ள கத்திகள் தனியாக வருகின்றன. விரலைக் காக்கிற பாகத்தைக் கழற்றிவிட்டுக் கத்தியைச் சாது என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் அந்த நெருக்கடியில் ஒரு நன்மை நடந்திருக்கிறது. விரல் வைக்கும் பள்ளத்தைப் பிளேடின் அடியோடு சேர்த்து வடிவமைத்து, பிளேடு மடங்க நினைத்தாலும் விரலே தடுக்கும்படி சிலவற்றைச் செய்திருக்கிறார்கள். பூட்டு இல்லாமலே அந்த முதல் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

ஆண்ட்ரூ டெம்கோ யோசித்து கோல்ட் ஸ்டீல் நிறுவனத்தின் கத்திகளில் வரும் ட்ரையட் லாக்கை விட்டுவிட்டால் இந்தப் பேச்சு முழுமையாகாது. வெளியே பார்த்தால் சாதாரண முதுகுப் பூட்டுதான். உள்ளே, பிளேடின் அடிக்கும் பூட்டுக் கட்டைக்கும் நடுவே தனியாக ஒரு எஃகுப் பின்னை வைத்திருக்கிறார். பிளேடு எந்தப் பக்கம் தள்ளினாலும் பளு அந்தப் பின் வழியாகக் கைப்பிடிக்குப் போய்விடும், கட்டை ஆடும் மெல்லிய பின்னின் மேல் விழாது. கட்டை ஆடுகிற ஓட்டையையும் கொஞ்சம் நீள்வட்டமாக வைத்திருக்கிறார், தேயத் தேயக் கட்டை தானே நகர்ந்து இடைவெளியை அடைத்துக்கொள்ள. விசை கல் மாதிரி இருக்கும், மூடுவதற்குக் கட்டை விரல் வலுவாக வேண்டும். முதுகுப் பூட்டில் இவ்வளவு பெரிய முன்னேற்றம் எந்தக் கோணத்தில் போட்டோ எடுத்தாலும் தெரியாது. கழற்றினால்தான் தெரியும்.

அதனால்தான் கத்தி விற்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். கைப்பிடியின் நிறத்தைக் காட்ட ஏழெட்டுப் படம் போடுகிறீர்கள், போடுங்கள். கூடவே இன்னும் மூன்று படம் வேண்டும். பிளேடு திறந்த நிலையில் பூட்டின் முகம் பிளேடைத் தொடும் இடம், நேர் மேலேயிருந்து, கிட்டத்தில். பூட்டுக் கீற்று மெலியும் இடம், உள்பக்கத்திலிருந்து. கத்தியைக் கழற்றிப் பரப்பி வைத்த ஒரு படம். வாங்குகிற தம்பிகளும் கேட்கத் தொடங்குங்கள். கடையில் நேரில் எடுத்துப் பார்க்கிறவர்கள் டார்ச் அடித்துப் பூட்டு முழு முகத்தோடு தொடுகிறதா என்று பாருங்கள், திறந்த பிளேடை மேலும் கீழும், இடமும் வலமும் அசைத்து ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு விரல்களைப் பிளேடின் பாதையிலிருந்து முழுக்க விலக்கிக்கொண்டு முதுகில் உள்ளங்கையால் நிதானமாக அழுத்தம் கொடுங்கள். கத்தியின் முதுகை மேசையில் ஓங்கி அடித்துச் சோதிக்கும் வீடியோக்களைப் பார்த்து அதைச் செய்ய வேண்டாம், நல்ல பூட்டையும் அது கெடுத்துவிடும். இந்தச் சோதனையில் தேறிய பிறகு ஊதா நிறத்தை எடுப்பதா நீலத்தை எடுப்பதா என்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம்.